கருந்துளையை அளக்கும் கடிகாரம்

ஒரு பொருளின் அளவை அறிய அளவுகோலைப் பயன்படுத்துகிறோம். அது எட்டாத் தொலைவில் இருந்தால் தொலைநோக்கியின் துணையை நாடுகிறோம். ஆனால் எவ்வளவு பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் வெறும் ஒளிப்புள்ளியாகவே தெரிகிற ஒரு பொருளை எப்படி அளப்பது? அதற்குக் கடிகாரம் ஒன்று போதும் என்று வானியலார் கூறுகின்றனர். இது எவ்வாறு இயலும் என்பதை விண்வெளிக்குப் போகுமுன் நம் ஊர்ச் சாலையிலேயே பார்த்துவிடுவோம்.

திருமங்கலத்திலிருந்து மதுரைக்குச் செல்லும் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். சாலை வளைவின்றி நேராக இருப்பதாகக் கொள்வோம். ஊர் எல்லையில் தொடங்கி 1,050 மீட்டர் நீளத்துக்குக் கொட்டுக்காரர்கள் வரிசையாக நின்று ஓயாமல் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள். இரவு நேரம். ஒரு விளக்கு பளிச்சென்று எரிந்ததும் அனைவரும் அந்தக் கணமே கொட்டுவதை நிறுத்திவிட வேண்டும் என்பது ஏற்பாடு. நீங்கள் வரிசையின் இந்த முனையில் கண்களை மூடிக்கொண்டு நிற்கிறீர்கள். விளக்கு எரிகிறது. எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். உங்கள் காதிலும் ஒலி உடனே நின்றுவிடுமா? நிற்காது. நம் பக்கத்து வெப்பத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் செல்லும். ஆகவே கடைக்கோடியில் நிற்பவரின் கடைசி அடி உங்களை வந்தடைய 3 விநாடி பிடிக்கும். கொட்டொலி கொஞ்சங் கொஞ்சமாகத் தேய்ந்து 3 விநாடிக்குப் பின்பே அடங்கும்.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள். வரிசையின் நீளம் உங்களுக்குத் தெரியாது. ஆனால் ஒலி ஒரே விநாடியில் அடங்கிவிட்டது என்பது தெரியும். அப்படியானால் வரிசை 350 மீட்டருக்கு மேல் நீண்டிருக்க முடியாது. கண்ணைத் திறக்காமலே அளந்துவிட்டீர்கள்!

வகுப்பில் ஒரு கெட்டிக்கார மாணவர் இந்த இடத்தில் குறுக்கிடுவார். "கொட்டுக்காரர்கள் நீளவாக்கில் நிற்காமல் என்னைச் சுற்றி வட்டமாக நின்றிருந்தால்? எல்லா ஒலியும் ஒரே சமயத்தில் வந்து சேருமே!" நல்ல கேள்விதான். நம் எடுத்துக்காட்டில் ஒலியைவிட வேகமான ஒரு தூதன் இருந்தான். அவன்தான் விளக்கின் ஒளி. அவன் தயவால் எல்லோரும் ஒரே கணத்தில் நிறுத்த முடிந்தது. விண்வெளியில் ஒளியைவிட வேகமான தூதன் எவனும் இல்லை. ஒரு பொருளின் ஒரு பக்கம் மங்க வேண்டுமென்ற செய்தி மறுபக்கத்துக்குப் போய்ச் சேரவே, ஒளி அந்தப் பொருளைக் கடக்கும் நேரமாவது வேண்டும். ஆகவே பொருள் எந்த வடிவில் இருந்தாலும் விதி ஏறத்தாழ ஒன்றுதான்: ஒளி கடக்கும் நேரத்தைவிட விரைவாக ஒரு பொருள் முழுவதும் பிரகாசம் மாற முடியாது.

ஆறு விந்தை அண்டங்கள்

1943-ஆம் ஆண்டில் கார்ல் சீஃபர்ட் என்னும் அமெரிக்க வானியலார் ஆறு அண்டங்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அண்டம் என்று இங்கே நாம் சொல்வது, கோடிக்கணக்கான விண்மீன்கள் கூடி வாழும் காலக்ஸியை. நம் கதிரவன் உள்ள பால்வழி அத்தகைய ஓர் அண்டம். சீஃபர்ட் கண்ட அண்டங்களின் நடுவில் விண்மீனைப் போன்ற மிகப் பிரகாசமான ஒரு புள்ளி இருந்தது. அங்கிருந்து வந்த ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது, அங்குள்ள வாயு விநாடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது என்று தெரிந்தது. அந்த ஆறில் ஒன்று என்.ஜி.சி. 4051. சித்திரை, வைகாசி இரவுகளில் வடக்கு வானில் தெரியும் சப்தரிஷி மண்டலத்தின் திசையில், ஏறத்தாழ 5 கோடி ஒளியாண்டுத் தொலைவில் அது இருக்கிறது.

இந்த அண்டத்தின் நடுப்புள்ளி எக்ஸ்-கதிரில் எவ்வளவு பிரகாசிக்கிறது என்பதைத் துணைக்கோள்கள் விநாடி விநாடியாகக் குறித்துவைத்தன. அந்தப் பிரகாசம் ஒரு நிலையில் நிற்கவில்லை. ஆயிரம் விநாடிக்குள், அதாவது ஒரு பாட வேளையின் பாதிக்கும் குறைவான நேரத்தில், அது இரு மடங்காக ஏறுவதும் பாதியாக இறங்குவதும் உண்டு.

நம் விதியைப் போட்டுப் பாருங்கள். ஒளி விநாடிக்கு 3 இலட்சம் கி.மீ. செல்லும். 1,000 விநாடியில் 30 கோடி கி.மீ. இது பூமி கதிரவனைச் சுற்றிவரும் பாதையின் குறுக்களவு. அதற்கு மேல் ஒரு கிலோமீட்டரும் வேண்டாம். ஓர் அண்டத்தின் குறுக்களவு ஏறத்தாழ ஒரு இலட்சம் ஒளியாண்டு. அந்த அண்டத்தைக் காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரையுள்ள 3,200 கி.மீ. நீளத்துக்குச் சுருக்கிவிட்டதாக வைத்துக்கொண்டால், எக்ஸ்-கதிர் வரும் இடம் ஒரு மில்லிமீட்டர்! ஒரு கேழ்வரகு மணிகூட அதைவிடச் சற்றுப் பெரியது. நாடு முழுவதும் எரியும் விளக்குகளோடு போட்டியிடும் வெளிச்சத்தை ஒரு கேழ்வரகு மணி கொடுக்கிறது என்றால், அந்த மணிக்குள் என்னதான் இருக்கிறது?

விழுவதில் உள்ள ஆற்றல்

விண்மீன்களை அந்த இடத்தில் அடைத்துவைத்து இவ்வளவு ஒளியைப் பெற முடியாது. கதிரவனில் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறும்போது, பொருளின் நிறையில் 0.7 விழுக்காடுதான் ஆற்றலாக வெளிப்படுகிறது. அணுச்சேர்க்கையையும் மிஞ்சிய ஓர் அடுப்பு வேண்டும். அது ஈர்ப்பு. மாடியிலிருந்து விழும் தேங்காய் தரையில் மோதும்போது வெப்பம் உண்டாவதைப் போல, ஒரு கருந்துளையை நோக்கி விழும் வாயுவும் விழும் வழியில் ஆற்றலை வெளியிடுகிறது. கருந்துளை சுழலாததாக இருந்தால் நிறையில் சுமார் 6 விழுக்காடும், மிக வேகமாகச் சுழல்வதாக இருந்தால் 40 விழுக்காடு வரையும் இவ்வாறு வெளிவரலாம். 10 விழுக்காடு என்று வைத்துக்கொண்டாலும், ஆண்டுக்கு ஒரே ஒரு கதிரவன் அளவு வாயுவை விழுங்கும் கருந்துளையின் சுற்றுப்புறம் ஒன்றரை இலட்சம் கோடி கதிரவன்களின் ஒளியைத் தரும். ஓர் அண்டத்தையே மங்கச் செய்யும் ஒளி அது.

வாயு நேராகப் போய் விழுவதில்லை. ஆற்று வெள்ளத்தில் நீர்ச்சுழியைப் பார்த்திருப்பீர்கள். அதைப் போல வாயுவும் சுற்றிச் சுற்றி, ஒரு தட்டாகப் பரந்து, மெல்ல மெல்ல உள்ளே இறங்குகிறது. தட்டின் பகுதிகள் ஒன்றோடொன்று உராய்கின்றன. உள்ளங்கைகளைத் தேய்த்தால் சூடேறுவதுபோல் தட்டும் சூடேறிப் புறஊதாக் கதிர்களை வீசுகிறது. தட்டின் உட்பகுதிக்கு அருகே, கருந்துளையை ஒட்டி, 100 கோடி டிகிரி அளவுக்குக் கொதிக்கும் எலெக்ட்ரான் மேகம் ஒன்று உண்டு. இதற்கு ஒளிமகுடம் என்று பெயர். புறஊதாத் துகள் ஒன்று இந்த மேகத்துக்குள் புகுந்தால், வேகமாக வீசப்பட்ட மட்டையில் பட்ட பந்தைப் போல எலெக்ட்ரான்களால் அடிபட்டு ஆற்றல் கூடி எக்ஸ்-கதிராக வெளிவருகிறது. எக்ஸ்-கதிர் பிறக்குமிடம் கருந்துளைக்கு மிக அருகில் இருப்பதால்தான் அதன் பிரகாசம் அவ்வளவு விரைவாக மாறுகிறது. அதே அண்டத்தின் கண்ணுக்குப் புலப்படும் ஒளி, தட்டின் வெளிப்பகுதியிலிருந்து வருவதால், நாள் கணக்கிலும் மாதக் கணக்கிலும் நிதானமாகவே மாறும்.

கருந்துளையின் எல்லை எவ்வளவு பெரியது? கதிரவன் ஒரு கருந்துளையாகச் சுருங்கினால் அதன் ஆரம் 3 கி.மீ. நிறை எத்தனை மடங்கோ ஆரமும் அத்தனை மடங்கு. பத்து இலட்சம் கதிரவன் நிறையுள்ள கருந்துளையின் ஆரம் 30 இலட்சம் கி.மீ.; ஒளி அதைக் கடக்க 10 விநாடி. ஒரு கோடி கதிரவன் என்றால் 100 விநாடி. நூறு கோடி என்றால் 10,000 விநாடி, அதாவது சுமார் 2 மணி 47 நிமிடம். பெரிய கருந்துளை நிதானமாகவும் சிறிய கருந்துளை பரபரப்பாகவும் இருக்கும் என்பது இதிலிருந்தே விளங்கும்.

மதகும் மடையும்

எக்ஸ்-கதிர்கள் நம் காற்று மண்டலத்தைத் துளைத்துக்கொண்டு தரைக்கு வருவதில்லை. (வந்திருந்தால் இதைப் படிக்க நாம் இருந்திருக்க மாட்டோம்.) ஆகவே கருவிகளை மேலே அனுப்ப வேண்டும். பூமியை ஒட்டிச் சுற்றும் துணைக்கோளுக்கு ஒரு தொல்லை உண்டு: ஒவ்வொரு சுற்றிலும் பூமி குறுக்கே வந்து பார்வையை மறைத்துவிடும். 1983-ஆம் ஆண்டு ஐரோப்பியர் அனுப்பிய எக்ஸோசாட் துணைக்கோள் இத்தொல்லையை அழகாகத் தவிர்த்தது. அதன் நீள்வட்டப் பாதை 1,90,000 கி.மீ. உயரம் வரை எட்டியது. ஒரு சுற்றுக்கு 90 மணி நேரம் பிடித்தது. ஆகவே ஒரே அண்டத்தை இடைவிடாமல் மூன்று நாள் வரை கூடக் கண் இமைக்காமல் பார்க்க முடிந்தது.

பார்த்தவர்கள் எதிர்பார்த்தது கடிகாரத் துடிப்பு. வாயு வட்டமாகச் சுற்றுகிறதென்றால் பிரகாசமும் முறையாக ஏறி இறங்க வேண்டுமே! ஆனால் 1987-இல் வெளியான முடிவுகள் வேறு விதமாக இருந்தன. முறையும் இல்லை, தாளமும் இல்லை. சிறு ஏற்ற இறக்கத்தின் மேல் பெரிய ஏற்ற இறக்கம். அதன் மேல் இன்னும் பெரியது. சில நிமிடத் துண்டை எடுத்துப் பெரிதாக்கினால், சில மணி நேர வரைபடத்தின் சாயலில் இருந்தது. எவ்வளவு நீண்ட நேரம் பார்க்கிறோமோ அவ்வளவு பெரிய மாற்றங்கள் தென்பட்டன.

பின்னர் இன்னொரு விந்தையும் தெரியவந்தது. சராசரிப் பிரகாசம் கூடியிருக்கும் வேளையில் துள்ளலும் அதே விகிதத்தில் கூடியிருக்கிறது. மங்கியிருக்கும் வேளையில் துள்ளலும் அடங்கியிருக்கிறது. பல வெடிகள் ஆங்காங்கே தனித்தனியாக வெடிப்பதால்தான் பிரகாசம் மாறுகிறது என்று கொண்டால் இந்த ஒழுங்கு வராது. அப்படியானால் வேறு எப்படி?

மதுரை மாவட்ட மாணவர்களுக்கு விடை எளிதில் பிடிபடும். வைகை அணையிலிருந்து திருமங்கலம் பிரதானக் கால்வாயில் நீர் திறந்துவிடுகிறார்கள். தலைமதகைச் சற்று ஏற்றினால் கால்வாய் முழுதும் நீர் கூடும். அது மெதுவாக, பல மணி நேரம் கழித்துத்தான் கடைமடையில் தெரியும். வழியில் ஒரு கிளை வாய்க்காலின் மடையை ஒருவர் வரும் நீரில் பத்தில் ஒரு பங்கு கூட்டிக் குறைக்கிறார் என்று வையுங்கள். கால்வாயில் நீர் நிறைய வரும் நாளில் அந்தப் பத்தில் ஒரு பங்கு பெரிய அளவு. குறைவாக வரும் நாளில் சிறிய அளவு. வயலுக்குப் பாயும் நீரில், தலைமதகின் நிதானமான மாற்றத்தின் மேல் மடைகளின் விரைவான மாற்றங்கள் பெருக்கலாகச் சேர்ந்து வருகின்றன. கூட்டலாக அல்ல என்பதைக் கவனியுங்கள்.

கருந்துளைத் தட்டிலும் இதுவே நடக்கிறது என்று இன்று பெரும்பாலான ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். தட்டின் வெளிப்புறத்தில் வாயு ஓட்டம் நிதானமாகக் கூடிக் குறைகிறது. உள்ளே வர வர அந்தந்த இடத்தின் விரைவான மாற்றங்கள் அதன்மேல் ஏறிக்கொள்கின்றன. கடைசியில், கடைமடையான ஒளிமகுடத்தில், எல்லாம் சேர்ந்து எக்ஸ்-கதிராக வெளிப்படுகின்றன. எக்ஸ்-கதிரின் துள்ளலில் தட்டு முழுவதன் வரலாறும் எழுதப்பட்டிருக்கிறது என்றால் மிகையில்லை.

ஏமாற்றிய தாளம்

தாளமே இல்லாத இக்கூட்டத்தில் என்.ஜி.சி. 6814 என்னும் அண்டம் மட்டும் தனித்து நின்றது. சுமார் 12,000 விநாடிக்கு ஒருமுறை அதன் எக்ஸ்-கதிர் முறையாக ஏறி இறங்குவதை எக்ஸோசாட் காட்டியது. பின்பு ஜப்பானின் கின்கா துணைக்கோளும் காட்டியது. வானியலார் பெரும் பரபரப்படைந்தனர். ஏதோ ஒரு விண்மீன் கருந்துளையைச் சுற்றிவந்து தட்டை ஊடுருவுகிறது என்றார்கள் சிலர். தட்டில் ஒட்டிக்கொண்ட ஒரு சூடான திட்டு என்றார்கள் வேறு சிலர். அந்தக் காலத்தைக் கொண்டு கருந்துளையின் ஈர்ப்பையே சோதித்துவிடலாம் என்ற நம்பிக்கை பிறந்தது.

எக்ஸோசாட்டிலும் கின்காவிலும் இதற்குப் பயன்பட்ட கருவிகள் படம் பிடிப்பவை அல்ல. ஒரு குழாய் வழியாக வானத்தின் ஒரு பகுதியைப் பார்த்து, அங்கிருந்து வரும் எக்ஸ்-கதிர்களை எண்ணுபவை. 1993-இல் ரோசாட் துணைக்கோளின் படம் பிடிக்கும் தொலைநோக்கி அந்தப் பக்கம் திரும்பியபோது உண்மை வெளிப்பட்டது. தாளம் அண்டத்திலிருந்து வரவேயில்லை. முழுநிலவின் அகலத்தைவிடச் சற்றே அதிகமான தூரத்தில், அதே குழாய்ப் பார்வைக்குள், நம் பால்வழியைச் சேர்ந்த ஒரு வெள்ளைக் குள்ள விண்மீன் தன் துணையோடு 3 மணி 22 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றிக்கொண்டிருந்தது. கழுகு மண்டலத்தில், திருவோணம் விண்மீன் இருக்கும் அதே பகுதியில், எத்தனையோ கோடி ஒளியாண்டு தள்ளியிருந்த அண்டத்தின் மேல் அருகிலிருந்த சிறு விண்மீனின் தாளத்தை ஏற்றிவிட்டார்கள்! அண்டத்தை விளக்க எழுதப்பட்ட கொள்கைகள் அத்தனையும் ஒரே நாளில் பயனற்றுப் போயின.

தாளம் அறவே இல்லை என்றும் சொல்லிவிடக் கூடாது. 2007-இல் ஐரோப்பாவின் எக்ஸ்.எம்.எம்.-நியூட்டன் தொலைநோக்கி ஆர்.ஈ. ஜே1034+396 என்னும் அண்டத்தைப் பார்த்தபோது, சுமார் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வரும் துடிப்பைக் கண்டது. இம்முறை படம் பிடிக்கும் கருவியே பார்த்ததால் பக்கத்து வீட்டுக்காரனின் தாளம் என்ற ஐயத்துக்கு இடமில்லை. இதன் முடிவு 2008-இல் வெளியாயிற்று.

சிறியதும் பெரியதும்

நம் பால்வழியில் விண்மீன்கள் இறந்து உண்டான சிறு கருந்துளைகளும் இருக்கின்றன. அவற்றில் புகழ்பெற்ற சிக்னஸ் எக்ஸ்-1-இன் நிறை கதிரவனைப் போல் 21 மடங்கு என்று 2021-இல் அளந்தார்கள். அதுவும் இதே போலத் தாளமின்றித் துள்ளுகிறது. ஆனால் விநாடியில் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில். ஒவ்வொரு கருந்துளையின் துள்ளலிலும் ஓர் எல்லை நேரம் உண்டு. அதைவிட நீண்ட கால மாற்றங்கள் தாராளமாக நடக்கும். அதைவிடக் குறுகிய கால மாற்றங்கள் சட்டென்று அடங்கிப்போகும். 2006-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த இயன் மெக்ஹார்டியும் அவருடைய குழுவினரும் சிறு கருந்துளைகளையும் அண்டங்களின் கருந்துளைகளையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்த்தார்கள். நிறை கூடினால் எல்லை நேரம் கூடுகிறது; உணவு வேகமாக உள்ளே போனால் அது குறைகிறது. இந்த இரண்டையும் கணக்கில் எடுத்துக்கொண்டால் பத்துக் கதிரவன் நிறையிலிருந்து பத்துக் கோடிக் கதிரவன் நிறை வரை எல்லாம் ஒரே விதிக்கு அடங்குகின்றன. சுண்டெலியின் இதயமும் யானையின் இதயமும் வேறு வேறு வேகத்தில் துடித்தாலும் செய்கிற வேலை ஒன்றுதானே!

சிறு கருந்துளை ஆராய்ச்சியில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. 1975 ஏப்ரல் 19-இல் விண்ணேறிய நம் முதல் துணைக்கோளான ஆரியபட்டாவிலேயே எக்ஸ்-கதிர் வானியல் கருவி இருந்தது. மின்வழங்கலில் ஏற்பட்ட கோளாற்றால் சில நாட்களில் அதன் சோதனைகள் நின்றுபோயின. 1996 மார்ச்சில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற ஐ.ஆர்.எஸ்.-பி3 துணைக்கோளில் பம்பாய் டாட்டா ஆராய்ச்சிக் கழகத்தின் பங்கோடு அமைந்த எக்ஸ்-கதிர் கருவி ஒன்று இடம்பெற்றது. அது 1997-இல் ஜி.ஆர்.எஸ். 1915+105 என்னும் சிறு கருந்துளையைக் கவனித்தது. சில பத்து விநாடிகளுக்கு ஒருமுறை அதன் எக்ஸ்-கதிர் மெல்ல மெல்ல ஏறி, உச்சத்தை அடைந்ததும் திடீரென்று வீழ்ந்தது. கடினமான தரையுள்ள ஒரு பொருளாக இருந்தால், விழுந்த வாயு தரையில் மோதிக் கடைசியாக ஒருமுறை ஒளிவிட்டிருக்க வேண்டும். இங்கே அப்படி ஒன்றும் இல்லை. வாயு சுவடின்றி மறைந்துவிட்டது. தரையே இல்லாத பொருள், அதாவது கருந்துளை, அங்கே இருக்கிறது என்பதற்கு இது ஒரு சான்று என்று அக்குழுவினர் எழுதினார்கள்.

அடுத்த படி பெரியது. 2015 செப்டம்பர் 28-இல் பி.எஸ்.எல்.வி.-சி30 ஏவூர்தி அஸ்ட்ரோசாட் என்னும் வானியல் துணைக்கோளை 650 கி.மீ. உயரத்தில் நிறுத்தியது. ஒன்றரை டன் எடை, ஐந்து கருவிகள். ஐந்தாண்டு உழைத்தால் போதும் என்று செய்யப்பட்டது. 2025-இல் பத்தாண்டைக் கடந்தது. அதன் சிறப்பு, ஒரே பொருளைப் புறஊதாவிலும் மென்மையான எக்ஸ்-கதிரிலும் கடினமான எக்ஸ்-கதிரிலும் ஒரே நேரத்தில் பார்ப்பது. தட்டையும் ஒளிமகுடத்தையும் சேர்த்துப் பார்ப்பது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். 2017 பிப்ரவரி முதல் ஜூன் வரை ஐந்து முறை அது ஐ.சி. 4329ஏ என்னும் சீஃபர்ட் அண்டத்தை நோக்கியது. புனேயைச் சேர்ந்த குழுவினர் அந்த அளவீடுகளை ஆராய்ந்தபோது, தட்டிலிருந்து வரும் புறஊதா கூடும்போது ஒளிமகுடம் சற்றுக் குளிர்கிறது என்று கண்டார்கள். விந்தையாகத் தோன்றலாம், ஆனால் மட்டையின் கதையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அடிக்க வேண்டிய பந்துகள் அதிகமாக வந்தால் மட்டையாளர் களைத்துப்போவார் அல்லவா? எலெக்ட்ரான்களும் அப்படியே தம் ஆற்றலை இழக்கின்றன.

அளவீடு என்றதும் ஒரு சொல். இக்கருவிகள் உண்மையில் எண்ணுவது ஒவ்வொன்றாக வந்து விழும் எக்ஸ்-கதிர்த் துகள்களை. தகரக் கூரையில் விழும் மழைத்துளிகளை எண்ணுவது போன்றது அது. மழை ஒரே சீராகப் பெய்தாலும் விநாடிக்கு விநாடி எண்ணிக்கை மாறும். 100 துளி என்றால் பத்து கூடலாம், பத்து குறையலாம். அதாவது 10 விழுக்காடு. 10,000 துளி என்றால் நூறுதான் மாறும். அது 1 விழுக்காடு. பிரகாசம் மாறியது என்று அறிவிக்குமுன், மாறியது மழையா, எண்ணிக்கையின் தடுமாற்றமா என்று பார்க்க வேண்டும். தொலைவிலுள்ள மங்கலான அண்டங்களில் இதுவே பெரும்பாடு. மேலும் பூமி குறுக்கிடுவதால் அஸ்ட்ரோசாட்டின் வரைபடத்தில் சுமார் 98 நிமிடத்துக்கு ஒருமுறை வெற்றிடம் விழும். பொய்த் தாளம் அங்கிருந்தும் முளைக்கலாம். என்.ஜி.சி. 6814-இன் கதைக்குப் பிறகு எவரும் அவசரப்படுவதில்லை.

விதிக்கும் ஒரு விலக்கு உண்டு. சில அண்டங்களிலிருந்து, கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் பாயும் தாரை ஒன்று நம்மை நோக்கியே வருகிறது. அப்போது மாற்றங்கள் உள்ளதைவிட விரைவாக நடப்பதுபோல் நமக்குத் தோன்றும். அத்தகைய அண்டங்களில் கடிகார அளவை அப்படியே நம்பினால் பொருளை மிகச் சிறியதாக மதித்துவிடுவோம்.

மலையின் எதிரொலி

கடிகாரத்தால் இன்னொன்றும் செய்யலாம். திருப்பரங்குன்றம் மலைக்கு 175 மீட்டர் தள்ளி நின்று ஒரு வெடி வெடித்தால், ஒரு விநாடி கழித்து எதிரொலி கேட்கும். எதிரொலி வரும் நேரத்தைக் கொண்டு மலையின் தூரத்தைச் சொல்லிவிடலாம். ஒளிமகுடத்தில் எழும் எக்ஸ்-கதிர் ஒரு பகுதி நேராக நம்மிடம் வருகிறது. மற்றொரு பகுதி தட்டில் பட்டு எதிரொளித்து வருகிறது. 2009-இல் ஆண்ட்ரூ ஃபேபியன் தலைமையிலான குழு 1எச் 0707-495 என்னும் அண்டத்தில் இந்த எதிரொளி சுமார் 30 விநாடி தாமதித்து வருவதைக் கண்டுபிடித்தது. 30 விநாடி என்றால் 90 இலட்சம் கி.மீ.; பூமிக்கும் நிலவுக்கும் உள்ள தூரத்தைப் போல் 23 மடங்கு. கோடிக்கணக்கான ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள பொருளில் இவ்வளவு சிறிய தூரத்தை அளந்திருக்கிறார்கள்.

நம் வீட்டுக் கருந்துளை

ஆடி மாத நடுவில் இரவு 9 மணிக்கு மேல், ஊர் வெளிச்சம் இல்லாத கரிசல் காட்டில் நின்று தெற்கே பாருங்கள். அடிவானத்துக்கும் உச்சிக்கும் ஏறத்தாழ நடுவில், விருச்சிகத்தின் வாலுக்குக் கிழக்கே, தனுசு ராசியின் எல்லையில் பால்வழியின் நடு இருக்கிறது. அங்கே, 26,000 ஒளியாண்டுக்கும் சற்று அதிகமான தொலைவில், 43 இலட்சம் கதிரவன் நிறையுள்ள கருந்துளை ஒன்று உண்டு. பெரும்பாலும் அது பட்டினி கிடக்கிறது. ஆகவே மங்கல்தான்.

2000 அக்டோபரில் சந்திரா எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, விண்மீன்களின் முடிவைக் கணக்கிட்டு, 1983-இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கி 1999 ஜூலையில் விண்ணேறிய தொலைநோக்கி அது. அதன் கண்ணெதிரே கருந்துளை திடீரென்று வழக்கத்தைவிடச் சுமார் 45 மடங்கு பிரகாசித்தது. சுமார் மூன்று மணி நேரத்தில் ஓய்ந்தது. நடுவே ஏறத்தாழ 10 நிமிடத்தில் பிரகாசம் ஐந்தில் ஒரு பங்காக வீழ்ந்து மீண்டது. 10 நிமிடம் என்றால் 600 விநாடி. 18 கோடி கி.மீ. ஒளிவிட்ட இடம் அதற்குமேல் பெரிதாக இருக்க முடியாது என்று கடிகாரம் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

2022 மே மாதத்தில், உலகின் பல இடங்களிலுள்ள ரேடியோத் தொலைநோக்கிகளை இணைத்து எடுத்த படம் வெளியாயிற்று. அதே கருந்துளையைச் சுற்றி ஓர் ஒளி வளையம். அதன் குறுக்களவு ஏறத்தாழ 6 கோடி கி.மீ. கடிகாரம் வரைந்த எல்லைக்கு உள்ளேயே அது அடங்கியிருந்தது.

விடை காணாத கேள்விகளும் உள்ளன. 2018 டிசம்பரில் ஜி.எஸ்.என். 069 என்னும் அண்டம் சுமார் 9 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஏறத்தாழ ஒரு மணி நேரம் எக்ஸ்-கதிரில் பொங்கி அடங்குவதைக் கண்டார்கள். இது மெய்யான தாளம். அதன்பின் இவ்வகை அண்டங்கள் மேலும் சில அகப்பட்டன. கன்னி ராசியின் திசையில் 30 கோடி ஒளியாண்டுத் தொலைவில் அமைதியாக இருந்த ஓர் அண்டம் 2019 டிசம்பரில் விழித்துக்கொண்டு பிரகாசிக்கத் தொடங்கியது. 2024 பிப்ரவரியிலிருந்து அது எக்ஸ்-கதிரிலும் பொங்குகிறது. வானியலார் அதற்கு அன்ஸ்கி என்று செல்லப் பெயர் இட்டிருக்கிறார்கள். அதன் பொங்கல்களுக்கு இடையே 4.5 நாள் வரை இடைவெளி இருந்தது. கருந்துளையைச் சுற்றும் ஒரு சிறு விண்மீன் தட்டை ஒவ்வொரு சுற்றிலும் இரு முறை துளைத்துச் செல்கிறது என்பது ஒரு விளக்கம். என்.ஜி.சி. 6814-க்குச் சொல்லிக் கைவிட்ட அதே பழைய விளக்கம்தான், இம்முறை வேறோர் அண்டத்தில் திரும்பி வந்திருக்கிறது! தட்டே நிலைகுலைந்து குமுறுகிறது என்பது மற்றொரு விளக்கம். எது சரி என்று சொல்ல, இன்னும் பல பொங்கல்களின் நேரத்தைக் குறித்துக்கொண்டிருக்கிறார்கள்.